மஞ்சள் பட்டியல்

கீழே ரிசப்ஷனில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கண்ணாடிக் கதவில் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று செக்யூரிட்டி போன் பண்ணினபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இரக்கமெல்லாம் வெகுநேரம் கழித்து வந்தது. ஜேபி சார் கேட்ட அறிக்கை பாதியில் நிற்கிறது, காபி ஆறிப்போய்க் கிடக்கிறது, இதில் இந்தக் கூத்து வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்த ஆபீஸில் கேன்டீன்காரர் வரைக்கும் தெரியும். யாரையாவது விரட்டவேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

லிஃப்ட் திறந்ததுமே சத்தம் கேட்டது.

"என்ற புள்ளைய எங்கடா வெச்சிருக்கறீங்க? குடுங்கடா! பதினோரு நாளாச்சு, பாவிகளா!"

முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதிருக்கும். தலை கலைந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் மெல்லிய கீறல்கள். பின்னால் அவள் கணவன், அவளுடைய கைப்பையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றிருந்தான்.

"இந்தாம்மா, செருப்பைக் கீழ போடுங்க. போலீஸைக் கூப்பிடணுமா?" என்றேன்.

"கூப்புடு! அதுக்குத்தானே வந்திருக்கறேன். கூப்புடு, பாக்கலாம்."

கணவன் முன்னால் வந்தான். "மேடம், மன்னிச்சுக்கோங். இவ பேரு நாகமணி. இங்க டெஸ்டுக்கு வந்துட்டுப் போனவ. அன்னைக்கிலிருந்து ரம்யா எங்க, ரம்யா எங்கன்னு ஊட்டையே தலகீழாப் பொரட்டறா. எங்களுக்குப் புள்ளையே இல்லீங்."

ரம்யா என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. அந்தப் பெயரை வைத்தவளே நான்தான்.

என் பெயர் சுகந்தி. சரவணம்பட்டியில் இருக்கும் இந்தக் கம்பெனியின் சோதனைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. நாங்கள் செய்கிற மென்பொருளுக்கு 'ஆறுதல்' என்று பெயர். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துவிட்டால் அதை வீட்டாரிடம் சொல்வது அதன் வேலை. டாக்டர்களுக்கு நேரமும் இல்லை, மனசும் வருவதில்லை. திரையில் ஒரு முகம் வந்து, தணிந்த குரலில், இந்த மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லும். அழுதால் காத்திருக்கும், கேட்டால் பதில் சொல்லும்.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? நிஜமாகவே பறிகொடுத்தவர்களிடம் சோதிக்கச் சட்டம் விடாது. நடிகர்களை வைத்துப் பார்த்தோம். நடிகர்கள் அழகாக அழுதார்கள், மெஷின் அதையே கற்றுக்கொண்டு குட்டிச்சுவராகிவிட்டது. அப்புறம்தான் நினைவுப் பதிவு வந்தது. கூலிக்கு வருகிற ஒரு பெண்ணின் தலையில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மகளை வைப்போம். முதல் படியில் மகள். இரண்டாம் படியில் மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி. பிறகு 'ஆறுதல்' வந்து, மகள் இறந்துவிட்டாள் என்று சொல்லும். அவள் அழுவதை அளந்துகொள்வோம். முடிந்ததும் சாவைத் துடைத்து, காய்ச்சலைத் துடைத்து, மகளைத் துடைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவோம். போகும்போது அவர்களுக்குக் கண் ஏன் எரிகிறது என்றுகூடத் தெரியாது.

இந்த இரண்டு படித் தயாரிப்பையும் துடைப்பையும் நான்தான் எழுதினேன். ஒரு தடவை எழுதினால் எத்தனை சோதனைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எட்டு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தடவை ஓடியிருக்கிறது. அதைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை, போங்கள். ஜேபி சார் போன தீபாவளிக்கு மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்.

இருவரையும் மீட்டிங் அறையில் உட்கார வைத்துவிட்டு ஜேபி சாரையும் வரச்சொன்னேன். அவர் எங்கள் கிளைக்குத் தலைவர். எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஆளாக உட்கார்ந்து பேப்பர் படிக்கக்கூடிய மனிதர். அவர் வருவதற்குள் பழைய பதிவுகளைத் தேடினேன். பதினோரு நாளுக்கு முன், நாகமணி, மூன்றாம் அறை. பக்கத்தில் மஞ்சள் நிறம்.

எங்கள் அறிக்கையில் மூன்று நிறம். தேறினால் பச்சை. தோற்றால் சிவப்பு, அதற்கு எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். சோதனையே நடக்கவில்லை, தவிர்க்கப்பட்டது என்றால் மஞ்சள். மஞ்சளை எவனும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

மஞ்சளைத் திறந்து படித்தேன். முதல் படி முடிந்திருக்கிறது. இரண்டாம் படியில் மெஷின் ஹேங் ஆகிவிட்டது. தயாரிப்பு முடியாததால் சோதனை ஓடவில்லை. சோதனை ஓடாததால் துடைப்பும் ஓடவில்லை. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். துடைப்பைச் சோதனைக்குப் பின்னால் கட்டிவிட்டிருந்தேன். 'இன்னிக்கு டெஸ்ட் இல்லை, வீட்டுக்குப் போங்க' என்று டெக்னீஷியன் அவளை அனுப்பிவிட்டான். ஒன்பது வயது மகளோடு, மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லாமல், அவள் பஸ் ஏறித் திருப்பூர் போயிருக்கிறாள்.

"என்னாச்சுன்னு சொல்லுங்க மேடம்," என்றான் கணவன். செந்திலப்பன் என்று பெயர் சொன்னான். "எங்கம்மா இவளுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலைல அடிக்க வெச்சாங். நானும் பாத்துட்டுத்தான் நின்னேன்."

நெற்றியில் கீறல் எப்படி வந்தது என்று இப்போது புரிந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கல்யாண வீட்டுல பந்தி போடறதில்லையா, அந்த மாதிரிங்க. இலை போடுவோம், ஆளு உக்காரும், சாப்பிட்டு எந்திரிக்கும், இலையை எடுத்துட்டு அடுத்த பந்திக்கு இடத்தைத் துடைப்போம். அன்னிக்கு இலை போடும்போதே பாதியில நின்னு போச்சு. யாரும் உக்காரல. உக்காராத பந்திக்கு இலை எடுக்கணும்னு யாருக்கும் தோணல. அதான் அப்படியே கிடந்துருச்சு."

நாகமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற புள்ள எச்சி எலையா உனக்கு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "அப்படி ஒரு புள்ளையே இல்லம்மா. அதை முதல்ல புரிஞ்சுக்கோங்க."

"எனக்குப் புரியாமயா இருக்குது? பத்தாப்பு படிச்சவதான் நானு. பொய்யின்னு தெரியுது. தெரிஞ்சும் நாலு மணியானா ரோட்டுல போயி ஸ்கூல் வேனுக்கு நிக்கறேன். தோசை ஊத்துனா ஓரத்த மட்டும் பிச்சுத் தின்னுட்டு நடுவுல இருக்கறத என்ற தட்டுல வெச்சுட்டுப் போவா. கோவம் வந்தா போடி நாகமணிம்பா. என்ற காத மடிச்சுப் புடிச்சாத்தான் அவளுக்குத் தூக்கமே வரும். இதெல்லாம் நீங்க உக்காந்து எழுதுனீங்களா? எழுத முடியுமா இத?"

எழுதவில்லை. கற்பனையாக எழுதிப் பார்த்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. எழுதிவைத்த குழந்தைகளைப் பெண்கள் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில், நேரம் இல்லாமல், எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனத்தை நானும் செய்தேன். மாதிரித் தகவல் வேண்டுமென்றால் கையருகே கிடக்கும் சொந்தத் தகவலைப் போடுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம். சொந்தப் பிறந்தநாள், சொந்தப் போன் நம்பர். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் மகள் நித்திலாவைப் பற்றிய என் நினைவைப் பதிவு செய்து கொடுத்தேன். நிஜப் பெயர் கூடாது என்று கம்பெனியில் விதி உண்டு. அதனால் பெயரை மட்டும் ரம்யா என்று மாற்றினேன். விதியை மீறவில்லை என்று கையெழுத்தும் போட்டேன்.

"உன்ற மூஞ்சி ஏன் இப்புடிப் போகுது?" என்றாள் நாகமணி. எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். "உனக்கு அவளத் தெரியும். தெரியுமில்ல? சொல்லு!"

"என் பொண்ணு," என்றேன். "அவ என் பொண்ணு. உங்களுக்கு வெச்சது அவளைத்தான்."

சொல்லிமுடிக்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. இவளுக்கு என் மகளின் முகம் தெரியும், நடை தெரியும், எந்தப் பல் ஆடுகிறது என்று தெரியும்.

"உன்ற ஊட்டுல இருக்காளா?"

"அவ பக்கத்துல வந்தீங்கன்னா நடக்கறதே வேற. சொல்லிட்டேன். உள்ள தள்ளிருவேன்."

"இங்க பாரு, மிரட்டறா!" நாகமணி கணவனைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "பெத்த புள்ளைய ஊருக்கெல்லாம் எடுத்து வெச்சுட்டு, பக்கத்துல வராதீங்கறா."

அந்த நேரம் பார்த்து ஜேபி சார் உள்ளே வந்தார். ஒரு ஃபைல், ஒரு பேனா, முகத்தில் புன்னகை.

"சின்னப் பிரச்சினைதான்," என்றார். "இன்னிக்கே துடைச்சுடலாம். வீட்டுக்காரர் சம்மதம் இருந்தாப் போதும். சார், இங்க ஒரு கையெழுத்து."

"அவங்க தலைக்கு இவரு கையெழுத்தா?" என்று நான் பாய்ந்தேன். ஜேபி சார் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

செந்திலப்பன் பேனாவை வாங்கிவிட்டான். பாவம், அவனும் பதினோரு நாள் தூங்காதவன். "எடுத்து உட்ருங் சார். பழைய நாகமணி வந்தாச் சேரி."

"ஒரு விஷயம் சொல்லிடணும்," என்றார் ஜேபி சார். "ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்தா சுத்தமா வந்துடும். இப்ப பதினோரு நாள் ஆச்சு. ஒட்டின இடத்துல இருக்கறதையும் சேர்த்துக்கிட்டுத்தான் வரும். இந்தப் பதினோரு நாள் போயிடும். அதோட, உள்ள ஏற்கெனவே இதே மாதிரி எது இருந்ததோ, அதுவும்."

"எதே மாதிரி?" என்றேன். எனக்கே அது புதுச் செய்தி.

அவர் ஃபைலைப் புரட்டினார். "அன்னிக்கு முதல் படியில எடுத்த ஸ்கேனை இப்ப டாக்டர் பார்த்துட்டுச் சொன்னது. குழந்தையோட நினைவு வெறும் இடத்துல உக்காராது. சம்பந்தமான ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கும். இவங்களுக்கு எதைப் பிடிச்சிருக்குன்னு தெரியலை. விண்ணப்பத்துல குழந்தை இல்லைன்னுதான் போட்டிருக்காங்க."

நாகமணி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குழந்தை இருக்குதான்னுதான் கேட்டிருந்தீங்க," என்றாள். "இருந்துச்சான்னு கேக்கல. ஏழு மாசத்துல ஒண்ணு போச்சு. பொட்டப்புள்ள. இருந்திருந்தா இப்ப ஒம்பது வயசு."

விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியை எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.

"அதுவும் போயிருங்களா?" என்று செந்திலப்பன் கேட்டான்.

"போக வாய்ப்பிருக்கு. ஒரு விதத்துல நல்லதுதானே சார்? பழைய வலியும் சேர்ந்து போயிடும்."

செந்திலப்பன் பேனாவின் மூடியை மாட்டினான். மேஜையில் வைத்தான். "நாந்தான் சார் அத எடுத்துட்டுப் போயிப் பொதைச்சேன். ரெண்டு கையில அடங்கிருச்சு. இவ ஒரு தடவதான் மூஞ்சியப் பாத்தா. அதையும் எடுத்துட்டா இவகிட்ட என்னங் இருக்கும்?" நாகமணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு நாளில் அவனை மனிதனாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜேபி சார் விடுகிற ஆளா? "அப்ப இன்னொரு வழி இருக்கு. சோதனை பாதியிலதானே நிக்குது? முடிச்சுடலாம். இரண்டாம் படியை ஓட்டி, 'ஆறுதலை' விட்டுச் சொல்லச் சொல்லுவோம். குழந்தை இறந்துடுச்சுன்னு தெரிஞ்சுட்டா தேட மாட்டாங்க. அழுவாங்க, ஆறிடுவாங்க. அதுக்குத்தானே நம்ம புராடக்ட் இருக்கு?"

"சார், நீங்க மனுஷன்தானா?" என்று கத்திவிட்டேன்.

"இரு, இரு," என்றாள் நாகமணி. என்னைத்தான் அதட்டினாள். "அந்தாளு சொல்றது சரிதான். எடுத்துட்டா அவ இருந்ததே இல்லாமப் போயிரும். செத்துட்டான்னா இருந்தான்னு ஆகுமில்ல? அழறதுக்கு ஒரு சாவாச்சும் எனக்கு வேணும். ஆனா அந்தப் பொட்டி சொல்லப்படாது. காய்ச்சலும் வெக்கப்படாது என்ற தலைல. நீ சொல்லு."

"நானா?"

"நீதான். அவளப் பெத்தவ நீதானே? உன்ற வாயால சொல்லு. என்ற கண்ணப் பாத்துச் சொல்லு."

முடியாது என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. சொல்லாமல் அந்த அறையைவிட்டு யாரும் போகப்போவதில்லை என்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "ரம்யா..." என்று ஆரம்பித்தேன். கண்ணுக்குள் நிற்பது நித்திலாதானே? காலையில் ஷூ லேஸ் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டுப் போனவள். "ரம்யா இறந்துட்டா. காய்ச்சல். எவ்வளவோ பார்த்தாங்க. காப்பாத்த முடியல."

"எப்ப?"

"பதினோரு நாள் முன்னாடி. காலையில."

"என்னையக் கேட்டாளா?"

இந்தக் கேள்விக்கு 'ஆறுதலுக்கு' நாற்பத்திரண்டு விதமான பதில் நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. "கேட்டா," என்றேன். "காதைப் பிடிச்சுக்கணும்னு கேட்டா."

நாகமணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டாள். அவள் அழுத சத்தத்துக்கு வெளியே நாலு பேர் எழுந்து நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். செந்திலப்பன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஜேபி சார் கடிகாரம் பார்த்தார்.

அரைமணி கழித்து அவள் முகம் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை.

"படம் ஒண்ணு குடு."

"என்ன படம்?"

"சாமி கும்பிட, மாலை போட. செத்தவளுக்குப் படம் வேண்டாமா? வெளக்கு எதுக்கு முன்னால ஏத்தறது?"

எனக்குப் பகீரென்றது. உயிரோடு இருக்கிற குழந்தையின் படத்துக்கு மாலையா? நான் சாமி, ஜாதகம் எதையும் நம்பாதவள். ராகுகாலத்தில்தான் புதுக் கார் எடுத்தேன். ஆனாலும் போனை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன். "அது மட்டும் நடக்காது. போங்கம்மா, வேலையைப் பாத்துக்கிட்டு! என் குழந்தை நல்லா இருக்கா. அவ படத்துக்கு மாலை போடுவீங்களா? என்ன நினைச்சுட்டிருக்கீங்க?"

"உன்ற புள்ளைக்கு ஆயுசு கொறைஞ்சுருமா?"

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"என்னைய மாதிரி எத்தன பேரு தலைல அவள வெச்சே?"

"நாலாயிரம் தடவை..."

"நாலாயிரம் தடவ சாவடிச்சிருக்கறே. பெத்தவளே. அப்பெல்லாம் கொறையாத ஆயுசு நான் ஒரு மாலை போட்டாக் கொறையுதா? ஏன்டி, உனக்கு வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. போனை எடுத்தேன். ஓரப்பல் விழுந்து சிரிக்கிற படம் ஒன்று, போன மாதம் எடுத்தது. செந்திலப்பனின் நம்பருக்கு அனுப்பினேன். அனுப்புகிற பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. நாகமணி கணவனின் போனை வாங்கிப் பார்த்தாள், திரையை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தாள், எழுந்தாள்.

"இனி உன்ற மூஞ்சில முழிக்கப்படாது நானு," என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. எதிர்பார்த்தால் நான்தான் முட்டாள்.

கதவு மூடியதும் ஜேபி சார் என் தோளில் தட்டினார். "பிரமாதம், சுகந்தி! படம் கொடுக்கறது நமக்குத் தோணவே இல்லை பாத்தீங்களா? சட்டுனு அடங்கிட்டாங்க. இதையும் துடைப்புல சேர்த்துடுங்க. நீங்க சொன்ன அதே வார்த்தை, அதே படம். ஒரு தடவை எழுதிட்டா எல்லாருக்கும் போட்டுக்கலாம்."

"எல்லாருக்கும்னா?"

"மஞ்சள்ல வேற யார் இருக்காங்கன்னு பாத்துடுங்க."

பார்த்தேன். எட்டு மாதத்து மஞ்சளை வடிகட்டினால், முதல் படியோடு நின்றவர்கள் நாகமணியைச் சேர்த்துப் பதினேழு பேர். அதில் ஒன்பது பேரிடமிருந்து புகார் வந்திருக்கிறது. ஒன்பதும் ஜேபி சார் கைக்குப் போய், 'லேசான பின்விளைவு' என்ற தலைப்பில் மூடப்பட்டிருக்கிறது. ஒருத்தியின் மாமியார் எழுதியிருந்தார்: மருமகள் தினமும் இரண்டு தட்டு வைக்கிறாள், என்ன மாத்திரை கொடுக்கலாம்?

"எழுதமாட்டேன்," என்றேன். "மெஷினும் சொல்லாது. எவளுக்காச்சும் அனுப்பினீங்கன்னு தெரிஞ்சுது, செருப்பைக் கழட்டிட்டு ரிசப்ஷன்ல நிக்கறது நானாத்தான் இருக்கும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. பதினாறு பேருக்கும் தனித்தனியா யார் போய்ச் சொல்றது?"

முகவரிப் பட்டியலை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடையாள அட்டையைக் கழற்றி அவர் ஃபைலின் மேல் போட்டேன். அவர் என்னவோ சொல்லிக்கொண்டே லிஃப்ட் வரைக்கும் வந்தார். காதில் வாங்கவில்லை.

காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் போனிலிருந்த அதே படத்தைக் காட்டினேன். பெரிய அளவில், கண்ணாடி போட்டு, சுவரில் மாட்ட வளையம் வைத்து, பதினாறு வேண்டும் என்றேன். கடைக்காரர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

"பல்லு உழுந்தாச்சா பாப்பாவுக்கு! பொறந்தநாளுங்களா?"

"இல்லீங்க."

"கீழ பேரு போடோணுங்களா?"

"போடுங்க. ரம்யா."

அவர் எழுத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "பதினாறுக்கும் ஒரே பேருதானுங்களா?"

ஆமாம் என்றேன்.